பள்ளத்தூர் ஆச்சியின் டி420: ஒரு பழைய லேப்டாப்பின் நிகழ்வு ஆய்வு

காரைக்குடியில் நான் வைத்திருப்பது சின்னக் கடை. ஒரு பக்கம் கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு அச்சு வேலை. இன்னொரு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ். வருகிற வேலையையெல்லாம் எழுதி வைக்கிற வழக்கம் எனக்கு இல்லை. எப்போதாவது ஒன்று, வந்த புகாருக்கும் உள்ளே இருந்த கோளாறுக்கும் சம்பந்தமே இல்லாமல் போகும். அதை மட்டும் முழுதாக எழுதி வைப்பேன். இது 2025 டிசம்பரில் வந்தது.

வந்த புகார்

பள்ளத்தூரில் ஒரு பெரிய வீடு. செட்டிநாட்டுக் கணக்கில் பெரிய வீடு: முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். இப்போது அதில் இருப்பது எழுபதைத் தாண்டிய ஒரு ஆச்சியும், சமையலுக்கு வரும் ஒரு அம்மாவும்தான். மகன் சிங்கப்பூரில். ஆச்சி போனில் சொன்னது இவ்வளவுதான்:

"தம்பி, தை மாசம் படைப்பு வருது. கணக்கைத் திறக்கவே முடியல. பெட்டி திறக்குறதுக்குள்ள நான் குளிச்சு சாமி கும்பிட்டுட்டு வந்துடுறேன். வந்து பாத்துட்டுப் போறியளா?"

படைப்பு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ஒரு வழிவந்த பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைக்கிற சடங்கு. செலவைப் புள்ளிக் கணக்கில் பிரிப்பார்கள். கல்யாணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி; ஒரு புள்ளி தர வேண்டிய பங்குக்கு வரி என்று பெயர். யார் எந்த ஊரில் இருக்கிறார்கள், போன தடவை யார் பாக்கி, எத்தனை பாத்திரம் வெளியே போனது, எத்தனை திரும்பி வந்தது, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த வீட்டில் முதலில் ஆச்சியின் கணவர் செட்டியார் பேரேட்டில் எழுதினார். 2013-லிருந்து ஆச்சி அதை லேப்டாப்பில் ஏற்ற ஆரம்பித்தார். செட்டியார் காலமான பிறகு கணக்கு மொத்தமும் ஆச்சி கையில்.

லேப்டாப், லெனோவா திங்க்பேட் டி420. 2011 மாடல். மகன் வாங்கி இரண்டு வருடம் ஓட்டிவிட்டு அம்மாவிடம் விட்டுப் போனது. இதை ஏற்கெனவே ஒரு கடையில் காட்டியிருக்கிறார்கள். "பதினாலு வருசத்துப் பொருள் ஆச்சி, எடைக்குப் போட்டுடுங்க" என்று அங்கே சொல்லிவிட்டார்களாம்.

நேரில் போனபோது பட்டியல் நீண்டது. திறக்க ஆறேழு நிமிடம். கரண்ட் போய் வந்தால் தேதி பல வருடம் பின்னால் ஓடிவிடுகிறது. பேங்க் வலைத்தளம் திறக்க மறுக்கிறது. சார்ஜர் வயரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணைகிறது. "புது லேப்டாப் ஒண்ணு வாங்கிக்கலாமே ஆச்சி?" என்று கேட்டேன். பீரோவைக் காட்டினார்.

"மகன் வாங்கிக் கொடுத்தது உள்ள இருக்கு. அது வந்த அன்னிக்கே கெட்டுப் போச்சு. தமிழே காட்ட மாட்டேங்குது."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் அன்றே பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. பழைய பெட்டியின் மேலேயே கண்ணாக இருந்தேன். அதற்கு இரண்டு நாள் தண்டனை அனுபவித்ததைப் பின்னால் சொல்கிறேன்.

திறந்து பார்த்தது

வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், ஆத்தங்குடிக் கல் தரையில் ஒரு ஜமுக்காளத்தை விரித்து, அதன் மேல் பெட்டியை வைத்தேன். பவர் பொத்தானை அழுத்தியதும் பீப் ஒலியோடு கறுப்புத் திரையில் 0271 என்ற பிழை எண் வந்தது. திங்க்பேட் வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கமான எண்: தேதியையும் நேரத்தையும் சரிபார் என்று அர்த்தம். உள்ளே இருக்கும் காசு அளவுப் பேட்டரி தீர்ந்துவிட்டது.

பேங்க் தளம் திறக்காததற்குப் பாதிக் காரணம் இந்தச் சின்னப் பேட்டரிதான். ஒவ்வொரு பாதுகாப்பான வலைத்தளமும் ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். கம்ப்யூட்டரின் கடிகாரம் பல வருடம் பின்னால் நின்றால், போன மாதம் கொடுத்த சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. உடனே கதவைச் சாத்திவிடும். மீதிப் பாதிக் காரணம் விண்டோஸ் 7. அதற்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஓடு ஆதரவை நிறுத்திவிட்டது. குரோம் பிரவுசரும் 109-ஆம் பதிப்போடு அதில் நின்றுவிட்டது.

அடுத்தது வேகம். காதை டிஸ்க் இருக்கும் பக்கமாக வைத்துக் கேட்டேன். ஓடுகிற சத்தத்துக்கு நடுவே, பல்லி சொல்வது மாதிரி டிக், டிக் என்று ஒரு ஒலி. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் குறிப்பேட்டைத் திறந்தால், 197-ஆம் வரியில், அதாவது படிக்க முடியாமல் நிலுவையில் கிடக்கும் இடங்களின் எண்ணிக்கையில், பூஜ்யத்துக்குப் பதில் மூன்று இலக்க எண் இருந்தது. ஒரு இடத்தைப் படிக்க முடியாவிட்டால் டிஸ்க் திரும்பத் திரும்ப முயலும். அது முடியும் வரை விண்டோஸ் வாய் திறக்காமல் காத்திருக்கும். ஆச்சி குளித்துவிட்டு வந்த ஆறு நிமிடம் அதுதான். புராசஸர் பாவம், சும்மா உட்கார்ந்திருந்தது. ஐ5-2520எம், இரண்டு கோர், 2.5 கிகாஹெர்ட்ஸ். கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் இன்றைக்கும் தாராளம்.

அப்புறம் பிரித்தேன். டி420-இன் அடிப்பக்கத்தில் எந்தத் திருகு எதற்கு என்று சின்னச் சின்னப் படம் போட்டிருக்கும். விசைப்பலகைப் படம் போட்ட திருகுகளைக் கழற்றிவிட்டு, திருப்பி வைத்து, விசைப்பலகையைத் திரைப் பக்கமாக லேசாகத் தள்ளினால் முன் விளிம்பு எழும்பும். எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளலாம். பசை கிடையாது, உடைகிற பிளாஸ்டிக் கொக்கி கிடையாது. உள்ளே பதினாலு வருடத்துப் பள்ளத்தூர் இருந்தது: செம்மண் நிறத்தில் ஒரு தூசிப் படலம், காய்ந்த எறும்புகள், சீப்புச் சீடைத் துணுக்கு ஒன்று. துணுக்கை எடுத்துக் காட்டினேன். ஆச்சி சிரிக்கவில்லை. "அது செட்டியாரு வேலை" என்றார்.

கடிகாரப் பேட்டரி, சிஆர்2032, பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு வயரோடு இருக்கும். மல்டிமீட்டரில் 3 வோல்ட் காட்ட வேண்டியது 2-ஐத் தொடவில்லை. காற்றாடியின் வாயில் தூசி கம்பளி மாதிரி அடைத்திருந்தது. பிரஷ்ஷும் ஊதுகுழலுமாக அதற்கே அரை மணி நேரம்.

விசைப்பலகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆச்சி 1970-களில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். 'யளனக' பாடம் ஆரம்பித்த கையால் இன்றைக்கும் பார்க்காமல் அடிப்பார். டி420-இல் இருப்பது ஏழு வரிசை விசைப்பலகை. விசை ஒவ்வொன்றும் நடுவில் குழிந்து விரலைத் தாங்கும், ஆழமாக இறங்கி எழும். அடுத்த வருடமே, 2012-இல் வந்த டி430-இல், இதை ஆறு வரிசைத் தட்டை விசைகளாக மாற்றிவிட்டார்கள். அதில் அடிக்க முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் டைப்ரைட்டரில் வளர்ந்த கைக்கு இதுவே சரி. மகன் வாங்கிக் கொடுத்த மெல்லிசு லேப்டாப்பை ஆச்சி ஒதுக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். "தரையைத் தட்டுற மாதிரி இருக்கு தம்பி" என்றார்.

பழசில் எது நல்ல பழசு

கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள்: இத்தனை வருடத்துப் பெட்டியில் காசு போடலாமா? நான் வருடத்தைப் பார்ப்பதில்லை. டிஸ்க்கைக் கழற்றி மாற்ற முடியுமா, ராம் போட இடம் இருக்கிறதா, 64 பிட் புராசஸரா, இந்த மூன்றும் இருந்தால் போடலாம். டி420-இல் மூன்றும் உண்டு. டிஸ்க்கை எடுக்கப் பக்கவாட்டில் ஒரே ஒரு திருகு.

இதன் தம்பி எக்ஸ்220, அதே 2011, 12.5 அங்குலத் திரை, அதே ஏழு வரிசை விசைப்பலகை. பயணம் போகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்; ஆச்சி கண்ணுக்கு 14 அங்குலம் வேண்டும். ரெடினா திரை வராத 2012 மேக்புக் புரோ 13 அங்குலமும் எனக்குப் பிடித்த வகை. ஆப்பிளில் ராமும் டிஸ்க்கும் நாமே மாற்றலாம் என்றிருந்த காலத்தின் கடைசி ஆட்களில் ஒன்று. என் கடையிலேயே 2007-இன் டெல் லாட்டிடியூட் டி630 ஒன்று இன்னும் வேலைக்கு வருகிறது. அதில் ஒன்பது முள் சீரியல் போர்ட் இருக்கிறது. தானியக் கடை மின்னணுத் தராசு ஏதாவது பேச மறுத்தால் வயரை அதில் சொருகிப் பார்ப்பேன். அந்த வேலைக்கு இன்றைய சாதாரண லேப்டாப்பை எடுத்தால் இடையில் ஒரு மாற்றி வேண்டும், அந்த மாற்றி ஒழுங்காக வேலை செய்ய வேண்டும், அதற்கு ஒரு டிரைவர் வேண்டும்.

2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பெட்டிகளும் இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு கிடக்கின்றன. சிவகங்கை மாவட்டத்தில் பத்தாயப்புரை மேலே ஏறிப் பார்த்தால் ஒன்று அகப்படும். மேலே சொன்ன மூன்று கேள்வியையும் அதனிடமும் கேட்பேன்; பாதிக்குப் பாதி தேறும். தேறாத ஜாதி என்றால், 2 ஜிபி ராமையும் 32 ஜிபி சேமிப்பையும் பலகையோடு பற்றவைத்து வந்த சின்ன நெட்புக்குகள். அவற்றில் நான் கை வைப்பதில்லை. கூலி வாங்கக் கூச்சமாக இருக்கும்.

தீர்மானம்

ஆச்சிக்கு வேண்டியது நான்கு: படைப்புக் கணக்கு, தமிழ்க் கடிதம், பேங்க், ஞாயிற்றுக்கிழமை பேரனோடு வீடியோ. டாலி என்ற கணக்கு மென்பொருள் கிடையாது. இருந்திருந்தால் விண்டோஸைத்தான் கட்டிக்கொண்டு அழ வேண்டும்.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெலில் என்றால் எட்டாம் தலைமுறைப் புராசஸராவது வேண்டும். இது இரண்டாம் தலைமுறை. விண்டோஸ் 10 ஏறும். ஆனால் அதற்கும் 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. இரண்டு மாதம் முன்னால் கெடு முடிந்த மருந்தை ஆச்சிக்குக் கொடுப்பானேன். விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட், அதில் பழைய பெட்டிக்கும் பாரமில்லாத எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு என்று முடிவு செய்தேன். 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. பழைய டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் பாகம் இல்லாத 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, 4 ஜிபி டிடிஆர்3 ராம் இன்னொன்று சேர்த்து மொத்தம் 8. புதிய கடிகாரப் பேட்டரி.

பெரிய பேட்டரி பற்றி ஆச்சி ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "நம்ம ஊர்லயே பேட்டரி ஆராய்ச்சி பண்றாகளே, அங்க கொடுத்தா சரி பண்ண மாட்டாகளா?" சிக்ரியைச் சொல்கிறார். வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி அங்கே உண்மையிலேயே நடக்கிறது. அங்கே லேப்டாப் பேட்டரி ரிப்பேர் பார்க்க மாட்டார்கள் என்பதை ஆச்சியிடம் பக்குவமாகச் சொன்னேன். வருடக்கணக்கில் சார்ஜரிலேயே, நூறு சதவீதத்திலேயே, செட்டிநாட்டு வெயிலில் வைத்த லித்தியம் செல் செத்தால் செத்ததுதான். ஆறு செல் பேட்டரி புதிதாக ஒன்று போட்டு, 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் சார்ஜ் ஏற வேண்டும், 80-இல் நிற்க வேண்டும் என்று அமைத்தேன். திங்க்பேட்டில் இந்த வசதி உண்டு.

டிஸ்க்கைக் காப்பாற்றியது

சாகப் போகிற டிஸ்க்கில் விண்டோஸை ஓடவிட்டுக் காப்பி எடுப்பது, காய்ச்சல்காரரை மாடி ஏறி இறங்கச் சொல்வது மாதிரி. டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்து, டிடிரெஸ்கியூ என்ற நிரலில் மாட்டினேன். அது முதல் சுற்றில் நல்ல இடங்களை மட்டும் வேகமாக அள்ளும்; படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய் ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும். எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பி வந்து கெட்ட இடங்களைச் சுரண்டும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டது, மறுநாள் காலைக் காப்பிக்கு முடிந்தது. கடைசி வரை வராத இடங்கள் ஒரு கல்யாண வீடியோவின் நடுவில் விழுந்திருந்தன. கணக்குக் கோப்புகள் எல்லாம் முழுசு.

அவற்றை ஓட்டமாகத் திறந்து பார்த்தபோது எனக்கே கொஞ்சம் சிலிர்த்தது. புள்ளிக் கணக்கு மட்டும் இல்லை. பழைய பேரேடுகளிலிருந்து ஆச்சி எடுத்து அடித்த பாத்திரப் பட்டியல், சீர் விவரம், யார் யாருக்கு எந்த ஊரில் சம்பந்தம் என்ற குறிப்பு, பெட்டியடிக்கு, அதாவது வெளிநாட்டு வட்டிக்கடைக்குப் போனவர்கள் பர்மாவிலிருந்து எழுதிய கடிதங்களின் சுருக்கம். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா வீட்டில் சேர்த்துவைத்த புத்தகங்களும் காகிதங்களும்தான் பிறகு, 1994-இல், சென்னையில் ஒரு ஆராய்ச்சி நூலகமாக ஆனது. இந்தப் பக்கத்தில் காகிதத்தைத் தூக்கிப் போட எனக்குப் பயம் என்றால் அதற்கு அவர்தான் காரணம். எடைக்குப் போட்டிருந்தால் இதெல்லாம் சேர்ந்து போயிருக்கும்.

தமிழ் எங்கே போச்சு

எஸ்எஸ்டியில் மின்ட் ஏறியது. பவர் பொத்தானிலிருந்து திரை வர அரை நிமிடம்கூட இல்லை. கணக்குக் கோப்பை லிப்ரே ஆஃபிஸில் திறந்தேன். எண்கள் எல்லாம் அப்படியே இருந்தன. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை.

அப்போதுதான் ஆச்சியின் வாக்கியம் உறைத்தது. வந்த அன்றைக்கே கெட்டுப்போன, தமிழே காட்டாத புது லேப்டாப். பீரோவைத் திறக்கச் சொல்லி அதை எடுத்துப் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை, புத்தம்புதுசு. அதிலும் இதே கோப்பு, இதே குப்பை. இரண்டு வருடமாக அது அந்தக் குற்றத்துக்காகப் பீரோவில் சிறை இருந்திருக்கிறது.

விஷயம் இதுதான். ஆச்சி கணக்கை அடித்தது பாமினி எழுத்துருவில். டைப்ரைட்டர் கற்றவர்களுக்கு அது இயல்பாக வரும், விசைகள் கிட்டத்தட்ட அதே இடத்தில் இருக்கும். ஆனால் அது, எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு தமிழ் இல்லை. கோப்பில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். அவற்றின் மேல் தமிழ் வடிவத்தை முகமூடி மாதிரி போர்த்தியிருக்கும். 'கொ' என்று திரையில் தெரிவது கோப்பில் என், எஃப், எச் என்று மூன்று ஆங்கில எழுத்தாகக் கிடக்கும். பாமினி நிறுவிய பெட்டியில் தமிழாகத் தெரியும். இல்லாத பெட்டியில் முகமூடி கழன்றுவிடும். பழைய டி420-இல் அந்த எழுத்துரு இருந்தது. புதியதில் யாரும் போடவில்லை. எழுத்துருவைப் போட்டால் இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை. ஆனால் அடுத்த தடவை மகன் போனில் திறப்பார், பேரன் வேறெதிலாவது திறப்பான். மாற்றிவிடலாம் என்றேன். ஆச்சியும் சரி என்றார்.

மாற்றுவது, ஒரு எழுத்துக்கு இன்னொரு எழுத்து என்று போட்டுக்கொண்டே போகிற வேலை இல்லை. பாமினியில் டைப்ரைட்டரைப் போலவே கொம்பு முதலில் வரும், அப்புறம்தான் க, அப்புறம் கால். யூனிகோடில் க முதலில், அதற்குப் பின்னால்தான் உயிர்க்குறி. கொம்பையும் காலையும் தேடிப் பிடித்துச் சேர்த்து, மெய்க்குப் பின்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதோடு, சிங்கப்பூர் முகவரிகளை ஆச்சி ஆங்கிலத்தில், வேறு எழுத்துருவில் அடித்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு மொத்தத்தையும் மாற்றினால் அந்த முகவரியெல்லாம் புரியாத தமிழாகிவிடும். கட்டம் கட்டமாக எந்த எழுத்துரு என்று பார்த்து, பாமினி என்றால் மட்டும் மாற்றும்படி ஒரு சின்ன நிரல் எழுதினேன்.

இங்கேதான் சறுக்கினேன். அவசரத்தில், அட்டவணையை முதலில் காற்புள்ளியால் பிரிக்கும் சாதாரணக் கோப்பாக எடுத்து, காற்புள்ளி கண்ட இடத்தில் வெட்டி, அப்புறம் மாற்றினேன். பார்க்க அழகாகத் தமிழ் வந்தது. அச்செடுத்துப் பள்ளத்தூர் கொண்டுபோனேன். காப்பியும் வெள்ளைப் பணியாரமும் வந்தன. ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போன வருடத்து அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்து, விரலால் வரி வரியாக ஓட்டினார். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

"இராமநாதன் வீட்டுக்கு வரி எப்படித் தம்பி மாறுச்சு?"

பார்த்தேன். 'இராமநாதன்' என்பது 'ராமநாதன்' ஆகி ஒரு கட்டம் வலது பக்கம் நகர்ந்திருந்தது. அவர் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் அவர் பெயர், புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஊர், வரி இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி. அடுத்த பக்கத்தில் இன்னொரு இராமநாதன், அவரும் அப்படியே. அப்புறம் ஒரு இலட்சுமணன்.

"இனா வர்ற பேரு மட்டும்தான் தம்பி தப்பா இருக்கு" என்றார் ஆச்சி. எனக்கு முன்னால் அவர் கண்டுபிடித்துவிட்டார். காரணத்தை நான் சொன்னேன்: பாமினியில் 'இ' உட்கார்ந்திருக்கும் விசை காற்புள்ளி. கோப்பில் இருப்பதும் காற்புள்ளிதான். என் நிரல் ஒவ்வொரு இகரத்தையும் வேலி என்று நினைத்து வெட்டியிருக்கிறது. இராமநாதன்களும் இலட்சுமணன்களும் நிறைந்த செட்டிநாட்டுப் பட்டியலில் இதைவிட மோசமான இடத்தில் வெட்டியிருக்க முடியாது.

திரும்பக் கடைக்கு. இந்த முறை கட்டங்களைக் கலைக்காமல், மூலக் கோப்பிலிருந்தே ஒவ்வொரு கட்டமாக எடுத்து மாற்றினேன். சரிபார்ப்பும் இரண்டு விதமாகச் செய்தோம். ஒவ்வொரு பத்தியின் கூட்டுத்தொகையும் பழைய கோப்போடு ஒத்துப்போகிறதா என்று நான் பார்த்தேன். ஆச்சி பழைய பிரதியை வைத்துக்கொண்டு பெயர்களை இனிஷியலோடு வாய்விட்டு வாசித்தார். நான் திரையில் பார்த்து வந்தேன். ஒரு முழு மத்தியானம் ஆனது. நாலைந்து இடத்தில் ஆச்சியே பல வருடம் முன்னால் தப்பாக அடித்தது அகப்பட்டது. "அதையும் திருத்திடுங்க, யாருக்கும் சொல்லாதிய" என்றார். இங்கே எழுதியிருப்பதை அவர் மன்னிப்பார்.

இனிமேல் அடிப்பது எப்படி? மின்ட்டில் ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல் வழியாகத் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இவற்றோடு பழைய தட்டச்சு அமைப்பும் கிடைக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தேன். விசை அதே இடம், கோப்பில் விழுவது யூனிகோடு. பழகியதிலிருந்து ஒன்றிரண்டு குறிகள் இடம் மாறியிருந்தன. அவற்றை ஒரு அட்டையில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டினேன். ஆச்சி முதலில் அடித்தது 'முருகன் துணை'. இரண்டாவதாக அடித்தது 'இராமநாதன்'. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வயர்

இன்டர்நெட் பெட்டி முகப்பில். ஆச்சி உட்காருவது இரண்டாம் கட்டில். நடுவில் ஒரு வளவும், முழங்கை அகலத்துக்குச் சுண்ணாம்புச் சுவர்களும். இந்த வீடுகளில் வைஃபை படும் பாடு எல்லாருக்கும் தெரியும். டி420-இல் முழு அளவு லேன் போர்ட் இருக்கிறது. மெல்லிசு லேப்டாப்புகளில் இது காணாமல் போய் வெகுகாலம் ஆகிறது. ஈதர்நெட் வயர் நூறு மீட்டர் வரை தாங்கும். வளவின் தாழ்வாரத்து உத்தரத்தை ஒட்டி, தேக்கில் ஆணி அடிக்காமல் (அடித்தால் ஆச்சி என்னை அடித்திருப்பார்) பழைய வயர்க் கட்டைகளின் வழியே அதை இழுத்துக்கொண்டு போனோம். இடி இடிக்கும்போது பிடுங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு நடந்தது

பொருள் செலவு, பெரிய பேட்டரியைத் தவிர்த்து, ஐயாயிரத்துக்குள் அடங்கியது. கூலியில் அந்த இகர மத்தியானத்தை நான் சேர்க்கவில்லை.

தையில் படைப்பு நடந்தது. புள்ளி வரி ரசீதுகளை ஆச்சி அதிலேயே அடித்து அச்செடுத்தார். முடிந்த மறுநாள் ஐந்தொகை (மொத்த வரவு செலவுக் கணக்கு) போட்டு மகனுக்கு அனுப்ப, அவர் போனிலேயே தமிழில் படித்திருக்கிறார். அதை ஆச்சி போன் பண்ணிச் சொன்னார்.

குறைகளும் இருக்கின்றன. வீடியோ பேசும்போது காற்றாடி சத்தமாகச் சுற்றுகிறது. பேரன் "என்ன ஆயா, மிக்ஸி ஓடுதா" என்று கேட்கிறானாம். யூடியூபை 720-க்கு மேல் வைத்தால் திணறும். இன்று யூடியூப் அனுப்பும் புதுவகை வீடியோக்களைப் பிரித்துக் காட்டும் சுற்று 2011 சில்லில் கிடையாது, மொத்தச் சுமையும் புராசஸர் தலையில் விழுகிறது. வலது பக்கக் கீல் தளர ஆரம்பித்திருக்கிறது. கரண்ட் போனால் திரையின் மேல் விளிம்பில் உள்ள சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டு ஆச்சி தொடர்ந்து அடிக்கிறார். அந்த விளக்கு இருப்பதே அவருக்கு இத்தனை வருடமாகத் தெரியாது.

பழைய டிஸ்க்கை உறையில் போட்டு, மேலே தேதி எழுதி, இரும்புப் பெட்டியில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். கணக்கின் இன்னொரு பிரதி பென்டிரைவில் என்னிடம் இருக்கக்கூடாது என்று நானே சொல்லி, மகனிடம் அனுப்பச் செய்தேன். புது லேப்டாப்புக்கும் விடுதலை கிடைத்தது. காலேஜ் படிக்கும் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி அதை வைத்துப் பழைய பேரேடுகளைப் படம் எடுத்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் ஆச்சி மறுபடி கூப்பிட்டார். 'ன' விசை அழுத்தினால் சில சமயம் விழவில்லையாம். ஆண் பெயர் பாதிக்கு மேல் 'ன்' என்று முடிகிற பட்டியலைப் பன்னிரண்டு வருடமாக அடித்தால் அந்த விசைதான் முதலில் தேயும். டி420-இன் ஏழு வரிசை விசைப்பலகை ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் எடுத்து வைக்கும்படி மதுரையில் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன்.